புது செயின்சா: அதிகமாகக் கத்தினால் அதிகமாக அறுக்குமா?

மரம் அறுக்கும் மெஷின் என்றால் ஒரு காலத்தில் மரக்கடைக்காரரிடமும் ஒப்பந்தக்காரரிடமும்தான் இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் தெருக்களில் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை நாசமாக்கியபோதும், வழியைத் திறக்க முதலில் தேவைப்பட்டது இந்த மெஷின்தான். இன்று ஊரில் ஒரு தோப்போ, கொஞ்சம் நிலமோ வைத்திருக்கும் ஐ.டி. ஊழியர்கூட ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஒரு செயின்சாவை வாங்கி வைத்துக்கொள்கிறார்.

பெட்டி வந்ததும் அடுத்த வேலை யூடியூப். 'இந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புங்க, பவர் பிச்சுக்கிட்டு வரும்' என்று ஒரு வீடியோ. 'சைலன்சர்ல ஒரு ஓட்டை போடுங்க, அப்புறம் பாருங்க' என்று இன்னொன்று. செய்து பார்த்தால் மெஷின் முன்பைவிட உரக்கக் கத்துகிறது. வாங்கியவருக்கும் திருப்தி. கொஞ்ச நாளில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அசையாது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, 'போர், பிஸ்டன் ரெண்டும் போச்சு சார்' என்பார்.

புது செயின்சாவை நன்றாக வேலை செய்ய வைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செயின், பிறகு பெட்ரோல் கலவை, பிறகு செயின் ஆயில். கார்புரேட்டர் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் இன்ஜின் பலியாகிறது.

அறுப்பது இன்ஜின் இல்லை, பல்

இன்று உலகம் முழுவதும் பயன்படும் செயினின் பல், ஒரு புழுவைப் பார்த்துப் பிறந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், மரத்துக்குள் இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டே முன்னேறும் ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகளைப் போலவே வளைந்த பற்களை இடம், வலம் என மாற்றி மாற்றி வைத்து ஒரு செயினை உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்த செயின்கள் கை ரம்பத்தைப் போல மரத்தைச் சுரண்டின. இது மரத்தைச் செதுக்கியது.

செயின் சரியாக அறுக்கிறதா என்பதை இன்றும் இந்தச் செதுக்கலை வைத்தே கண்டுபிடிக்கலாம். அறுக்கும்போது கீழே விழுவது சீவல் சீவலாக இருந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு போலப் பொடியாக விழுந்தால் மழுங்கிவிட்டது. அந்த நிலையில் இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் அது உராய்வாகவும் சூடாகவும்தான் வீணாகும். அறுப்பவரும் தன்னையறியாமல் மெஷினை அழுத்த ஆரம்பிப்பார். கூரான செயினுக்கு அழுத்தமே தேவையில்லை, மெஷினின் எடையே போதும்.

மாட்டும்போதே நடக்கும் தவறுகள்

புது மெஷினில் பாரும் செயினும் பெரும்பாலும் தனியாகத்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது திசை. பாரின் மேல்பக்கம் செயின் முன்னோக்கி, அதாவது நுனியை நோக்கி ஓடும். எனவே மேல்பக்கத்தில் பற்களின் வெட்டும் முனையும் நுனியைப் பார்த்தே இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் மரத்திலிருந்து புகைதான் வரும். 'மெஷின் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம், செயின் பிரேக். சில மாடல்களில் பிரேக் அமைப்பு பக்கவாட்டு மூடிக்குள்ளேயே இருக்கும். முன்கைப் பிடிக்கு அருகே இருக்கும் காப்புத் தகட்டை முன்னால் தள்ளி, பிரேக் விழுந்த நிலையில் மூடியைக் கழற்றிவிட்டால் மறுபடி அது உட்காராது. மூடியைத் தொடும் முன் அந்தத் தகட்டைப் பின்னுக்கு இழுத்து பிரேக்கை விடுவித்துவிட வேண்டும்.

அடுத்தது இறுக்கம். பாரின் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டென்ஷன் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி உட்கார வேண்டும். அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே நட்டுகளை முறுக்கினால்தான் இந்த அளவு மாறாமல் நிற்கும். தளர்ந்த செயின் பாரை விட்டு வெளியே குதிக்கும். அதிகமாக முறுக்கிய செயினோ பாரையும் ஸ்ப்ராக்கெட்டையும் தேய்த்து, இன்ஜின் சக்தியில் ஒரு பங்கையும் தின்றுவிடும்.

புது செயின் முதல் அரை மணி நேரத்தில் கணிசமாக நீளும். அதனால் ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது அவசியம். சூடான செயினை இறுக்கினால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கும். இறுக்கமாகவே விட்டுவைத்தால் அந்த இழுவை முழுவதும் கிராங்க் ஷாஃப்ட்டின் மேலும் பேரிங்கின் மேலும் விழும்.

20 மில்லியா, 40 மில்லியா?

பெரும்பாலான பெட்ரோல் செயின்சாக்கள் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை. பழைய ஆர்எக்ஸ்100 பைக்கையும் சேத்தக் ஸ்கூட்டரையும் ஓட்டியவர்களுக்கு இது புரியும். இந்த இன்ஜினில் தனி இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்துபோகும் 2டி ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்குகளையும் காப்பாற்றுகிறது. ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். 1:50 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 1:40 என்றால் 25 மில்லி. 1:25 என்றால் 40 மில்லி. சில நிறுவனங்கள் தங்கள் தரமான ஆயிலுக்கு 1:50 என்றும், சாதாரண 2டி ஆயிலுக்கு 1:25 என்றும் இரண்டு அளவு தருகின்றன. எனவே கையேட்டையும் ஆயில் டப்பாவையும் சேர்த்தே படிக்க வேண்டும். படகு இன்ஜின்களுக்கான ஆயில் வேண்டாம். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு உரியது, செயின்சா காற்றால் குளிர்வது.

'ஆயில் கொஞ்சம் தாராளமா ஊத்தினா நல்லதுதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு மேல் நல்லதில்லை. ஸ்பார்க் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். ஆயில் கூடக்கூட கலவையில் பெட்ரோலின் பங்கும் குறையும். குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவு போட்ட சிறு குப்பியில் அளந்து, தனி கேனில் நன்றாகக் குலுக்கிக் கலந்த பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும்.

இ20 பெட்ரோல்: புதுத் தலைவலி

இந்தியாவில் இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பல செயின்சா கையேடுகளோ 10 சதவீதம் வரைதான் எத்தனாலுக்கு இடம் கொடுக்கின்றன.

எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன். அப்படியென்றால், கார்புரேட்டரை யாரும் தொடாமலேயே கலவையில் ஆக்சிஜன் கூடுகிறது. கலவை 'லீன்' ஆகிறது, இன்ஜின் கூடுதலாகச் சூடாகிறது. நவீன கார்களிலும் பைக்குகளிலும் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். சாதாரண செயின்சாவில் அந்த வசதி இல்லை.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். நீண்ட நாள் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். ரப்பர் குழாய்களும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரமும் எத்தனாலில் ஊறிக் கெட்டுப்போவது தனிக் கதை.

இதற்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. எத்தனால் குறைவான பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கலாம். ஒரு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிஞ்சியதை மாதக்கணக்கில் வைக்காமல் இருக்கலாம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு எடுத்து வைக்கலாம். அடுத்த புயலின்போது கயிற்றை இழுத்தவுடன் மெஷின் கிளம்புமா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான்.

செயினுக்கும் ஆயில் வேண்டும்

செயின்சாவில் இரண்டு மூடிகள். ஒன்று பெட்ரோல் கலவைக்கு, மற்றொன்று செயின் ஆயிலுக்கு. இதை மாற்றி ஊற்றுவதும் அவ்வப்போது நடக்கிறது.

7 பல் ஸ்ப்ராக்கெட், .325 பிட்ச் செயின், நிமிடத்துக்கு 13,000 சுற்று என்று கணக்குப் போட்டால் செயின் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இரும்போடு இரும்பு உரசும்போது ஆயில் இல்லாவிட்டால் பார் நீலம் பாரித்துவிடும், செயின் நீண்டுவிடும்.

ஆயில் வருகிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு வெள்ளை அட்டைக்கு எதிரே, அதைத் தொடாமல் பார் நுனியைப் பிடித்து, முக்கால் வேகத்தில் சில விநாடிகள் ஓட்டினால் அட்டையில் ஆயில் தெறித்த கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாரின் பின்பகுதியில் இருக்கும் சிறு ஆயில் துளையில் தூள் அடைத்திருக்கலாம். பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அளவு சரி. பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் வேண்டாம். அதில் இருக்கும் உலோகத் துகள்கள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும்.

முதல் மூன்று டேங்க்

புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பல கையேடுகள் முதல் மூன்று டேங்க் வரை, மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் முறுக்க வேண்டாம் என்கின்றன. அதற்காகப் பூப்போல வைத்திருக்கவும் வேண்டாம். நடுத்தர மரத்தில் சாதாரணமாக அறுக்கலாம். தவிர்க்க வேண்டியது சும்மா நின்றுகொண்டு 'ரேஸ்' பண்ணுவதை மட்டும்தான்.

கார்புரேட்டரை உடனே திருகக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ரிங்குகள் பழகிய பிறகு இன்ஜினின் குணம் கொஞ்சம் மாறும். அதற்கு முன்னால் செய்யும் டியூனிங்கை எப்படியும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

மூன்று ஸ்க்ரூ, மூன்று வேலை

இனிதான் கார்புரேட்டர். கம்ப்யூட்டர் மூலம் தானாகவே கலவையைச் சரிசெய்துகொள்ளும் மாடல்களும் உண்டு; ஸ்டில் நிறுவனத்தின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்றவை. அவற்றில் திருக எதுவும் இல்லை. பேட்டரி செயின்சாவில் கார்புரேட்டரே கிடையாது. மற்றவற்றில் பொதுவாக மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும்.

'எல்' என்பது குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவு. 'எச்' என்பது முழு வேகத்துக்கான அளவு. 'எல்ஏ' அல்லது 'டி' என்று குறித்திருப்பது ஐடிலிங் வேகம். எல், எச் இரண்டையும் கடிகாரத் திசையில் திருப்பினால் பெட்ரோல் குறையும். எதிர்த்திசையில் திருப்பினால் கூடும். சில மாடல்களில் ஓர் எல்லைக்கு மேல் திரும்பாதபடி தொப்பி போட்டிருப்பார்கள்.

தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கும்போது டியூன் செய்தால், சுத்தம் செய்த மறுநிமிடமே அந்த அளவு தப்பாகிவிடும். இன்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். இப்போதைய நிலையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் தப்பு நடந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

முதலில் 'எல்'. ஐடிலிங் வேகம் எங்கே அதிகபட்சமாக ஏறுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எதிர்த்திசையில் கொஞ்சம், எட்டில் ஒரு சுற்று அளவுக்குத் திறக்க வேண்டும். டிரிகரைச் சட்டென்று அழுத்தினால் திணறாமல் வேகமெடுக்க வேண்டும்.

அடுத்து 'எல்ஏ'. இன்ஜின் அணையாமல் ஓட வேண்டும், ஆனால் செயின் நிற்க வேண்டும். டிரிகரை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த மெஷின் ஆபத்தானது. ஸ்க்ரூவை எதிர்த்திசையில் திருப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியாக 'எச்'. காது தேவைப்படும் இடம் இதுதான். மரத்தில் வைக்காமல் முழு டிரிகரில் ஓரிரு விநாடி பிடித்தால் சத்தம் லேசாகக் குழற வேண்டும். பட்டுப் பட்டென்று விட்டுவிட்டு எரிவது போல. அதே மெஷினை மரத்தில் வைத்ததும் அந்தக் குழறல் மறைந்து சத்தம் ஒரே சீராக வேண்டும். இதுதான் சரியான இடம். மரத்திலும் குழறிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் அதிகம். மரத்தில் வைக்காமலேயே விசில் போலச் சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு; உடனே டிரிகரை விட்டுவிட்டு எதிர்த்திசையில் திறக்க வேண்டும்.

கத்தல் ஏன் ஆபத்து?

பெட்ரோலைக் குறைக்கும்போது வெறும் வேகம் ஏறுவது உண்மை. வீடியோவில் பார்ப்பவர்களை ஏமாற்றுவது அதுதான். ஆனால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் வருவதில்லை. ஆயிலைச் சுமந்து வருவதும் அதுதான், உள்ளே குளிர்ச்சி தருவதும் அதுதான். அது குறைந்தால் சூடு ஏறுகிறது, அதே நேரத்தில் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரை உரச ஆரம்பிக்கிறது. அலுமினியம் கீறிக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது. மெக்கானிக் சொல்லும் 'சீஸ்' இதுதான்.

பெரும்பாலான மெஷின்களின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 12,500 முதல் 14,000 சுற்றுக்குள் இருக்கும். சரியான எண் கையேட்டில் இருக்கும். விலை குறைந்த டிஜிட்டல் டேக்கோமீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். காதில் நம்பிக்கை இல்லாத புதியவர்களுக்கு 'எச்' ஸ்க்ரூவைச் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுவதுதான் லாபம்.

சைலன்சரில் ஓட்டை போடுவதும் இதே குழியில்தான் கொண்டுபோய் விடும். புகை சுலபமாக வெளியேறினால் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். அதற்கு ஏற்ப பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை லீன் ஆகிவிடும். தீப்பொறி வெளியே போகாமல் தடுக்கும் வலை போய்விட்டால், கோடையில் காய்ந்த சருகு நிறைந்த தோப்பில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வாரண்டியும் அத்தோடு முடிந்தது.

இலவசமாகக் கிடைக்கும் பவர்

நிஜமாகவே வேகமாக அறுக்க வேண்டும் என்பவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். சிறிய மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. பல்லின் மேல் பொதுவாக 30 டிகிரி கோணத்தில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோணத்தில், உள்ளிருந்து வெளியே தள்ளும் திசையில் மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் அறுப்பு நேராகப் போகாமல் வளைந்து போகும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது இந்த டெப்த் கேஜ்தான். பல்லைவிட இது சுமார் 0.65 மி.மீ. தாழ்வாக இருப்பது வழக்கம். பல்லைத் தீட்டித் தீட்டி அது தாழும்போது இந்த மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும். 'வேகமா கடிக்கட்டும்' என்று அதிகமாகக் குறைத்தால் மெஷின் உதறும், கையை விட்டு எகிறும்.

தென்னையை அறுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். தென்னையின் வெளிப்பகுதிதான் கடினம், நாரும் அதிகம். நார் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சாய்ந்து கிடக்கும் மரத்தில் மண் ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தட்டிவிட வேண்டும். ஓடும் செயின் ஒரே ஒருமுறை மண்ணைத் தொட்டாலும் தீட்டிய கூர் முழுவதும் போய்விடும்.

கூர் ஏற ஏற கவனமும் ஏற வேண்டும்

நன்றாகச் சரிசெய்த மெஷின் பாரபட்சம் பார்க்காது. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் பின்னோக்கி, அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். இதைத்தான் 'கிக்பேக்' என்கிறார்கள். மனிதர் சுதாரிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். எனவே ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் செயின் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். செயின் ஓடும்போது, கைப்பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் முன் தகட்டைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கு மஃப், கனமான பேன்ட், ஷூ எல்லாம் அலங்காரத்துக்கு அல்ல. செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தோள் உயரத்துக்கு மேல் அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, தனியாளாகப் போய் அறுப்பது மூன்றுமே கூடாது. புயலுக்குப் பிறகு மின்கம்பி மேல் கிடக்கும் மரத்தை, இ.பி. ஊழியர் வந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்யும்வரை தொடவே கூடாது.

மெஷின் சரியாக அறுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: செயின் கூராக இருக்கிறதா, இறுக்கம் சரியா, செயின் ஆயில் வருகிறதா, ஏர் ஃபில்டர் சுத்தமா, கலவை புதியதா, ஸ்பார்க் பிளக் கரி பிடிக்காமல் வெளிர் பழுப்பாக இருக்கிறதா. இந்த ஆறுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகும் குறை இருந்தால் மட்டுமே கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போக வேண்டிய அவசியமே வராது.